பல்லி வளர்ப்போருக்கான பூச்சி வளர்ப்புக் கையேடு

நாய் வளர்ப்பவரிடம் ஒரு நாய் இருக்கும். பல்லி வளர்ப்பவரின் கணக்கு அத்தனை சுலபமில்லை. கண்ணாடிப் பெட்டியில் ஒரு லெப்பர்ட் கெக்கோ. அது தின்ன, பக்கத்து டப்பாவில் ராத்திரி முழுக்கக் கத்தும் சுவர்க்கோழிகள். சுவர்க்கோழி தின்னக் கேரட்டும் கோதுமைத் தவிடும். தவிட்டைத் தின்ன, யாரும் கூப்பிடாமல் வந்து உட்கார்ந்த பொடிப்பூச்சி. செத்த சுவர்க்கோழியைத் தூக்கிப் போக எறும்பு. தலையெண்ணினால் அந்த அறையில் பல்லிதான் சிறுபான்மை. காசு கொடுத்து ஆசையாக வாங்கியது அது ஒன்றைத்தான் என்பதால் மற்றவற்றையெல்லாம் 'பூச்சித் தொல்லை' என்கிறோம். இந்தக் கையேடு அந்தப் பெரும்பான்மையின் நலனுக்காக.

நல்ல விளைச்சலுக்கு முதல் தேவை ஈரம். லெப்பர்ட் கெக்கோவின் பூர்வீகம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியாவில் கல்லும் புழுதியுமாகக் காய்ந்து கிடக்கும் நிலம். அதைச் சென்னைக்குக் கொண்டுவாருங்கள். பொள்ளாச்சித் தென்னை நார்த்தூளைப் பெட்டியில் நாலு அங்குலத்துக்குப் பரப்புங்கள். 'பாவம், தொண்டை வறண்டிருக்கும்' என்று காலையும் மாலையும் ஸ்ப்ரே அடியுங்கள். தோலுரிக்கும் நாட்களில் போய்ப் படுக்க ஈரமான மறைவிடம் ஒன்றும், குடிக்க ஒரு சின்னக் கிண்ணமும் இருந்தால் பல்லிக்குப் போதும், மற்ற இடம் காய்ந்திருப்பதுதான் அதற்குச் சுகம். ஆனால் நாம் இப்போது பல்லியைப் பற்றிப் பேசவில்லை. கொஞ்ச நாளில் நார்த்தூள் மேல் பூஞ்சணம் படரும், பூஞ்சணம் தின்பவை வரும், ஈர மண்ணில் முட்டையிடும் பொடிக் கறுப்பு ஈக்கள் பெட்டியிலிருந்து கிளம்பி உங்கள் காபி டம்ளர் வரை வந்து விசாரித்துவிட்டுப் போகும்.

அடுத்தது தாராளம். ஐந்து சுவர்க்கோழி தின்னும் பல்லிக்கு இருபது போடுங்கள். பிள்ளை பசியோடு படுக்கக் கூடாதே. மிச்சமிருப்பவற்றில் சில தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்து ஊறும், சில மரப்பட்டைக்குப் பின்னால் செத்து நாறும். உயிரோடிருப்பவை பசி தாங்காமல் தூங்கும் பல்லியையே கடித்துப் பார்க்கும். பல்லி இரையைத் தின்கிறதா, இரை பல்லியைத் தின்கிறதா என்ற சுவாரசியமான நிலை இப்படித்தான் உருவாகிறது. கால் மணி நேரத்தில் தின்னாததை இடுக்கியால் எடுத்துவிட்டால் இந்தக் கையேட்டின் பாதிப் பக்கங்கள் தேவைப்படாது. அதனால்தான் அதை யாரும் செய்வதில்லை.

கடைசியாக, ஓசி அலங்காரம். பார்க்கில் கிடந்த பட்டை, கடற்கரையில் ஒதுங்கிய கட்டை, அத்தை வீட்டுக் கொல்லைப்புறக் கல். எதையும் கழுவிவிடாதீர்கள், இயற்கை அழகு போய்விடும். அந்த இயற்கை அழகுக்குள் பத்துப் பதினைந்து வகை ஜீவன்கள் ஏற்கெனவே குடும்பம் நடத்துகின்றன.

இனி வீட்டுக்குள் பூச்சி பிடிபடும் நாள். பெரும்பாலும் அதைக் கண்டுபிடிப்பவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள், அம்மாவாகத்தான் இருப்பார். உண்மையில் அம்மாவின் பழைய வழக்கு பூச்சி மேல் இல்லை, பல்லி மேல். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் தலையிலிருந்து பாதம் வரை வரிசையாகப் போட்டிருக்கிறது, அதை அவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார். லெப்பர்ட் கெக்கோவின் விரல்களில் நம் வீட்டுப் பல்லிக்கு இருப்பதுபோல ஒட்டிக்கொள்ளும் பட்டைகள் கிடையாது. அதற்குச் சுவர் ஏறவே தெரியாது. ஏறத் தெரியாதது யார் தலையில் விழும்? ஆகவே பஞ்சாங்கம் இதற்குச் செல்லாது என்று எடுத்துச் சொல்லுங்கள். "சுவர்கூட ஏறத் தெரியாததுக்கா இவ்வளவு காசு குடுத்த?" என்று கேட்பார். அதற்குப் பதில் இதுவரை எந்தக் கையேட்டிலும் இல்லை.

கடைக்குப் போங்கள். கல்லாவில் இருக்கும் தம்பி போட்டோவைப் பார்ப்பான். போட்டோவில் உங்கள் விரலும் கண்ணாடியில் விழுந்த டியூப் லைட்டும் மிகத் தெளிவாக இருக்கும், பூச்சி மட்டும் இருக்காது. "இது ஒண்ணும் பண்ணாதுண்ணா" என்பான். ஸ்ப்ரே இருப்பில் இருந்தால் "இது டேஞ்சர்ண்ணா" என்பான்.

கொல்லும் முன் அது யாரென்று பார்த்துவிடுவது நல்லது. தபால்தலை பார்க்கும் பூதக்கண்ணாடி ஒன்றும், வெள்ளை டிஷ்யூ தாளும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். முதல் இரண்டும் கடையில் கிடைக்கும்.

வெள்ளையாக இருக்கிறது, ஊசி முனையால் தொட்டால் பட்டென்று குதித்து வேறெங்கோ போய் விழுகிறது என்றால் அது ஸ்பிரிங்டெயில். வயிற்றுக்கடியில் கவை போன்ற ஒரு உறுப்பை மடித்து வைத்திருக்கும், அதை விடுவித்தால் உடம்பே எகிறும். குதிப்பதைப் பார்த்துத் தெள்ளுப்பூச்சி என்று முடிவுகட்டி வீட்டு நாயைக் குளிப்பாட்டியவர்கள் உண்டு. இது ரத்தம் குடிக்காது. பூஞ்சணத்தையும் மட்கியதையும் தின்று பெட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும். பெட்டிக்குள்ளேயே ஒரு குட்டிக் காட்டை உண்டாக்கப் பார்ப்பவர்கள் இதைக் கரித்துண்டில் வளர்த்து டப்பாவில் விற்பதை விலை கொடுத்து வாங்கி விடுகிறார்கள். ஒருவர் காசு கொடுத்து விடுகிறார், இன்னொருவர் காசு கொடுத்துக் கொல்கிறார். கடைக்காரத் தம்பிக்கு இருவருமே அண்ணன்தான்.

வெள்ளை அல்லது சந்தன நிறம், குதிக்கவில்லை, மெதுவாக ஊர்கிறது, தீனிக் கிண்ணத்தின் விளிம்பிலும் எச்சத்தின் மேலும் கும்பலாக நிற்கிறது என்றால் தானிய மைட், மர மைட் வகையறா. உங்கள் மிச்சம் மீதியை நம்பி வந்தவை. மிச்சத்தை எடுத்து, பெட்டியைக் காயவிட்டால் கிளம்பிவிடும். பழைய புத்தகத்தைப் பிரித்தால் பக்கத்தின் குறுக்கே ஓடுமே, அந்தப் புத்தகப்பேனும் சில சமயம் இங்கே தென்படும். அதுவும் பூஞ்சணம் தேடி வந்ததுதான். அதைப் பற்றிக் கவலைப்படுவதென்றால் உங்கள் புத்தக அலமாரியிலிருந்து தொடங்க வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் சாது. அடுத்து வருவது வில்லன். அதைக் காண நீங்கள் பல்லியிலிருந்து பாம்புக்கு உயர்ந்திருக்க வேண்டும். பல்லி இனத்தையும் அது விடாது என்றாலும் அதற்குப் பிரியம் பாம்புதான். அதிகமாகப் பாதிக்கப்படுவது பால் பைத்தான், மேற்கு ஆப்பிரிக்காவின் அந்தச் சாதுவான குட்டை மலைப்பாம்பு. பால் என்பது பந்து. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர். இது ஒன்றும் கள்ளத்தனமான வளர்ப்பு இல்லை. 2024இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களைப் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். பிறந்தாலும் இறந்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் நட்சத்திர ஆமையை வைத்திருப்பவருக்கு இந்த வசதி கிடையாது. அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் ஓட்டில் பூச்சி வந்தால் முதலில் பார்க்க வேண்டியவர் வக்கீல்.

வில்லனின் முழுப்பெயர் ஓஃபியோனிசஸ் நாட்ரிசிஸ், பாம்பு மைட். 1844இல் பிரெஞ்சு விலங்கியலாளர் போல் ஜெர்வே விவரித்துப் பதிவுசெய்த பழைய ஆள். ரத்தம் குடிக்காதபோது மஞ்சள் பழுப்பு, குடித்து உப்பினால் கறுஞ்சிவப்பு. அப்போதும் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும், பென்சிலால் வைத்த புள்ளி மாதிரி. புள்ளி நகர்ந்தால் கவலைப்பட வேண்டும். பாம்பைத் தூக்கி நேராகத் தாடைக்கு அடியில் பாருங்கள், நடுவில் நீளமாக ஒரு மடிப்பு ஓடும். மைட் விரும்பிக் குடியிருப்பது அங்கேதான். பிறகு கண்ணைச் சுற்றி. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடிய கண்ணாடிச் செதிலுக்கும் ஓரச் செதிலுக்கும் இடையிலுள்ள அந்த மயிரிழைப் பள்ளத்தில் தலையைச் செருகிக்கொண்டு பின்பாகத்தை மட்டும் வெளியே காட்டும். வெள்ளை டிஷ்யூவை லேசாக நனைத்துப் பாம்பைத் தலையிலிருந்து வால் வரை உருவுங்கள். தாளில் ஒட்டிய கறுப்புப் புள்ளியை நகத்தால் நசுக்குங்கள். சிவப்பாக இழுபட்டால் அது உங்கள் பாம்பின் ரத்தம்.

பாம்பே நமக்குச் சொல்லவும் செய்யும். நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்தில் சுருண்டு கிடக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்து 'எவ்வளவு ஜாலியாகக் குளிக்கிறது!' என்று வீடியோ எடுப்பார்கள். பாம்பை எடுத்துவிட்டுக் கிண்ணத்தின் அடியைப் பார்த்தால் மூழ்கிச் செத்த மைட்டுகள் மிளகுப்பொடியாகக் கிடக்கும். செதில் மேல் பொடி வெள்ளைத் தூசி படிந்திருந்தால் அது மைட்டின் எச்சம். முற்றினால் பாம்பு இரத்தசோகையில் சோர்ந்துவிடும், இரை எடுக்காது. ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்கு நோய்க்கிருமி கொண்டுபோகும் வேலையையும் இது பார்க்கும். வேறு வழியில்லாதபோது உங்களையும் கடித்துப் பார்க்கும். முழங்கைக்குள் சின்னச் சின்னத் தடிப்பு வந்தால் வெயில் கொப்புளம் என்று பவுடர் போட்டுக்கொள்வதோடு நிறுத்தாதீர்கள்.

அதன் வாழ்க்கை முறையைப் புரிந்துகொள்வது உங்கள் மன அமைதிக்கு நல்லதல்ல, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். முட்டையிலிருந்து வரும் குட்டி எதுவும் சாப்பிடாது. ஒருமுறை தோலுரித்ததும் ரத்தம் குடித்தே ஆக வேண்டும். அடுத்த உரிப்பில் மறுபடி விரதம். அதற்கடுத்துப் பெரியதாகி மறுபடி ரத்தம். கதகதப்பும் ஈரமும் சரியாக அமைந்தால் இவ்வளவும் இரண்டு வாரம் சொச்சத்தில் முடிந்துவிடும். ஒரு பெண் தன் ஆயுளில் 60 முதல் 80 முட்டை வைக்கும். (இந்தப் பிறப்புகளை அரசுக்குத் தெரிவிக்கத் தேவையில்லை.) முட்டையைப் பாம்பின் மேல் வைக்காது. பெட்டியின் மூலை, ஒட்டிய டேப்பின் அடி, கதவுத் தடம், மரப்பட்டையின் விரிசல் என்று இருட்டான இடுக்காகப் பார்த்து வைக்கும். பாம்பின் மேல் நீங்கள் பார்ப்பது, குடித்துவிட்டுப் போக வந்த கொஞ்சம் பேரைத்தான்.

25 முதல் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் இதற்கு மிகவும் ஒத்துக்கொள்ளும். ஈரப்பதம் 50க்குக் கீழே போனால் காய்ந்து சாகும். ஆகவே பெட்டியைக் காற்றாடக் காயவிடுங்கள் என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் எழுதுகின்றன. சென்னையில் துவைத்த ஜீன்ஸே இரண்டு நாளாகக் கொடியில் தொங்குகிறது.

இப்போது மருந்து. பாம்பைக் கொன்று மைட்டைக் காப்பாற்றப் பல வழிகள் இருக்கின்றன. எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸைப் பெட்டியைச் சுற்றி வரையலாம், உள்ளேயும் ஒரு கோடு. அதிலிருப்பது பைரித்ராய்டு வகை விஷம். பாம்பு நொடிக்கு நொடி நாக்கை நீட்டி உலகத்தைத் தொட்டுப் பார்க்கும் பிராணி. அந்துருண்டை இரண்டைப் போட்டு மூடிவைக்கலாம். பட்டுப்புடவைக்கு ஆகும் காற்று நுரையீரலுக்கும் ஆகும் என்று யாரோ நம்புகிறார்கள். வேப்பெண்ணெயைத் தலை முதல் வால் வரை பூசலாம், 'இயற்கைதானே' என்று. எருக்கம்பாலும் இயற்கைதான். மஞ்சள் தூள் தூவலாம். மைட் சாகாது, மங்களகரமாக இருக்கும். நாய்க்கு வாங்கி மிச்சமிருக்கும் ஐவர்மெக்டின் ஊசியைப் 'பாதி டோஸ்தானே' என்று ஆமைக்குப் போடலாம். ஆமை இனத்துக்கு அது கை கால் இழுத்து உயிரையே எடுக்கும் மருந்து, இதில் வேடிக்கை எதுவும் இல்லை. வீட்டில் எந்தப் பிராணிக்கு எது வந்தாலும் அந்த ஊசியைத் தேடும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மைட்டை ஒழிக்கும் வழியில் இத்தனை விறுவிறுப்பு கிடையாது. முதலில் பெட்டியைக் காலி செய்ய வேண்டும். நார்த்தூளைக் கவரில் கட்டி அன்றைக்கே வெளியே அனுப்புங்கள், பால்கனியில் வைத்து 'நாளைக்குப் போடலாம்' என்றால் அதற்குள் பாதி திரும்பி வந்துவிடும். கல்லும் கட்டையும் கொதிக்கிற தண்ணீரில் போக வேண்டும். அதற்குப் பெரிய அண்டா வேண்டும், வீட்டில் இருப்பது பொங்கலுக்கு இறக்கும் அண்டாதான். அம்மா வெளியே போகும் நாளாகப் பாருங்கள். கொதிக்க வைக்க முடியாத அலங்காரம் என்ன விலையானாலும் குப்பைக்கு. பெட்டியைச் சூடான சோப்புத் தண்ணீரில் மூலை மூலையாகத் தேய்த்து, அலசி, துடைத்து, தரையில் வெறும் வெள்ளைத் தாள் விரியுங்கள். ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள அவ்வப்போது தூக்கிப் போடக்கூடிய ஓர் அட்டைப்பெட்டி. வேறெதுவும் வேண்டாம். அழகாக இருக்காது. ஆனால் வெள்ளைத் தாளில் எது நகர்ந்தாலும் தெரியும்.

பாம்பை வெதுவெதுப்பான, ஆழமில்லாத தண்ணீரில் கொஞ்ச நேரம் வையுங்கள், பக்கத்தை விட்டு நகராமல். உடம்பிலிருப்பவை மூழ்கும், தப்பியவை தண்ணீருக்கு மேலிருக்கும் தலையை நோக்கி ஓடும். ஈரப் பஞ்சால் தாடை மடிப்பையும் கண்ணோரத்தையும் பொறுமையாகத் துடைத்து எடுக்க வேண்டியதுதான். பூச்சி மருந்து வேண்டுமா, எது, எவ்வளவு நீர்த்து, பாம்பின் மேலா பெட்டியிலா என்பதெல்லாம் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டியவை. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இலிருந்து இருக்கிறது. பாம்பைத் தலையணை உறையில் போட்டு முடிச்சிட்டு, காற்றோட்டமுள்ள கூடையில் வைத்துக் கொண்டுபோங்கள். எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் வரிசையில் பக்கத்தில் ஆட்டுக்குட்டியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர் "உள்ள என்ன தம்பி, பூனையா?" என்று கேட்பார். "ஆமாங்க ஐயா" என்று சொல்லிவிடுங்கள். உண்மை சொன்னால் வரிசை குறையும் என்பதும் நிஜம்தான், ஆனால் அது முறையில்லை.

ஒரே வாரத்தில் தாளில் புள்ளி எதுவும் தெரியாது. எல்லோரும் கோட்டை விடுவது அங்கேதான். நார்த்தூளைத் திரும்பக் கொட்டி, செடி நட்டு, படம் எடுத்துப் போட்டுவிடுவார்கள். இடுக்கில் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரிந்து முடித்திருக்கும். கடைசிப் புள்ளியைப் பார்த்த நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதம் தாளும் கிண்ணமும்தான் பாம்புக்கு வீடு. வெளிநாட்டில் சிலர் மைட்டைத் தின்னும் மைட்டையே வாங்கி விடுகிறார்கள். பசுமைக்குடில்களில் செடி காப்பதற்கென்று வளர்க்கப்படும் வகை அது, பாம்பை ஒன்றும் செய்யாது. நல்ல யோசனைதான். ஏற்கெனவே கூட்டமாக இருக்கும் வீட்டில் இன்னும் சில ஆயிரம் பேரைக் கூப்பிடுவதற்கு வீட்டிலுள்ளவர்களின் சம்மதத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

மைட்டைவிட ஆபத்தானவர் ஒருவர் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு காலிங்பெல் அடிப்பார். அடுக்குமாடி அசோசியேஷன் அனுப்பிய பெஸ்ட் கன்ட்ரோல்காரர். அவர் அடிக்கும் மருந்து கரப்பானுக்கு என்றாலும், அதே காற்றைத்தான் வலைமூடி போட்ட பெட்டிக்குள் பல்லியும் இழுக்கிறது. அவர் வரும் தேதியை முன்கூட்டியே கேட்டுவைத்து, பிராணிகளை ஒருநாள் நண்பர் வீட்டுக்கு மாற்றுங்கள், அல்லது உங்கள் அறைக்கு வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லுங்கள். அப்படியும் உள்ளே வந்துவிட்டால், பல்லித் தீனிக்காக நீங்கள் முட்டை அட்டையில் கண்ணும் கருத்துமாக வளர்க்கும் டூபியா கரப்பான் டப்பாவை அவர் கண்ணில் படாமல் மறைத்துவிடுங்கள். தெருவில் ஒரு கரப்பானைக் கண்டாலே கைநடுங்கும் நீங்கள் அலமாரியில் நானூறு கரப்பானுக்கு ஆரஞ்சுப்பழம் நறுக்கிப் போடுவதை அவரிடம் விளக்குவது கஷ்டம். செக்ரட்டரியிடம் விளக்குவது இன்னும் கஷ்டம்.

புதுப் பாம்பு வாங்குகிறீர்கள் என்றால் அதைத் தனி அறையில் வையுங்கள், ஒரு மாதமாவது. மூன்று மாதம் வைப்பவர்கள் புத்திசாலிகள். இரண்டு பெட்ரூம் வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அதை வாங்கும் முன் கேட்டிருந்தால் பாதிப் பேருக்குப் பாம்பே இருந்திருக்காது. இடுக்கி, கிண்ணம், துணி எல்லாம் அதற்குத் தனி. தீனி போடும்போதும் சுத்தம் செய்யும்போதும் பழைய பிராணிகளை முதலில் முடித்துவிட்டுக் கடைசியாகப் புதியதிடம் போங்கள், பிறகு கை கழுவிச் சட்டையை மாற்றுங்கள். "என் பாம்பைக் கொஞ்சம் பாரு மச்சான், தண்ணியிலேயே ஜாலியா கெடக்கு" என்று கூட்டாளி பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் மட்டும் மாடிப்படியிலேயே நிறுத்தி டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.